ஊசி போடுற கையும் சாதியும்

நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாடம் நடத்துகிறார்கள். செவிலியர் அறம் என்று அதற்குப் பெயர். நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நாலு சொல்லை மனப்பாடம் பண்ண வைப்பார்கள். அதோடு ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்புவார்கள்: உன் சொந்த விழுமியங்களையும் நம்பிக்கைகளையும் வார்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னவோ செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிற மாதிரி.

கழற்றுகிற பழக்கம் இந்த நாட்டில் யாருக்கு இருந்தது? ஊர்த்தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டவர்கள் நாம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டவர்கள் நாம். கழற்றச் சொன்னவர்கள் தங்களுடையது எதையும் கழற்றியதாக வரலாறு கிடையாது. சாதியைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்த ஒரு பெண், வெள்ளை உடுப்பு போட்ட அன்றைக்கு அதை வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுவாள் என்று எந்தத் தைரியத்தில் பாடத்திட்டம் போடுகிறார்கள்? அந்தப் பாடத்தில் சாதி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். மதம் இருக்கும், பண்பாடு இருக்கும், 'நோயாளியின் சமூகப் பின்னணி' இருக்கும். சாதி மட்டும் இருக்காது. அமெரிக்காவில் எழுதிய பாடத்தை இங்கே படி எடுத்தால் இப்படித்தான் ஆகும். அவன் ஊரில் இல்லாத வியாதிக்கு அவன் எப்படி மருந்து எழுதுவான்?

முதலில் இந்த 'சொந்த' என்கிற சொல்லையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இறந்தவருக்குச் சடங்கு செய்வதா வேண்டாமா, மாமிசம் சாப்பிடுவதா வேண்டாமா என்பது ஒருவருடைய சொந்த நம்பிக்கையாக இருக்கலாம். எந்தத் தெருவுக்குள் போகலாம், யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யார் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதையெல்லாம் யாரும் தனியாக உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை. அது ஊர் முடிவு செய்தது. ஊர் என்றால் சேரி சேராத ஊர். எங்கள் தேவதானத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவதானம் என்றால் கோயிலுக்கு விட்ட இறையிலி நிலம். நச்சாடை தவிர்த்தருளிய சாமிக்கு நிலம் கொடுத்தவன் பெயர் கல்வெட்டில் ஏறும். அந்த நிலத்தில் நாற்று நட்டவளின் பெயர் எந்தக் கல்லில் ஏறியிருக்கிறது? அந்த வயலுக்கும் கோயிலுக்கும் நடுவில் எவள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெயர் வைத்த காலத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். இப்படி ஊர் தீர்மானித்ததைத்தான் 'தனிநபர் விழுமியம்' என்று பாடப்புத்தகம் மரியாதையாகச் சொல்கிறது.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் எழுத்தில் ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறார். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்த கடிதம் அது. கத்தியவாரில் ஒரு கிராமம். கடிதம் எழுதியவர் பள்ளிக்கூட வாத்தியார், தீண்டப்படாதவர். மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். டாக்டரைக் கூப்பிடப் போனால், அந்தத் தெருவுக்கு வரமாட்டேன், அவர்களைத் தொட்டுப் பார்க்கவும் மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் 2 ரூபாய் ஃபீசுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு டாக்டர் ஒரு நிபந்தனையோடு வருகிறார்: சேரிக்கு வெளியே கூட்டி வந்தால் பார்ப்பேன். பச்சை உடம்புக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைக்கிறான். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. ராத்திரி எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்து நிமோனியா என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுகிறார். மருந்து மட்டும் வருகிறது. மறுபடி பார்க்க வரவே இல்லை. அந்தப் பெண் செத்துப்போகிறாள்.

இந்தக் கடிதத்தை நம் தோழர்கள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் கொடுமைக்காரன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த டாக்டர் தன் தொழிலைத் தெரியாதவர் அல்ல. வியாதியின் பெயரைச் சரியாகவோ தப்பாகவோ சொன்னார், மருந்து அனுப்பினார், ஃபீசையும் வாங்கினார். அவர் கணக்கில் அவர் வைத்தியம் பார்த்துவிட்டார். தொடுவது வைத்தியத்தில் சேர்த்தி இல்லை என்று அவருக்குள் ஒரு தராசு இருந்திருக்கிறது. அந்தத் தராசைத்தான் விழுமியம் என்கிறோம். மனசாட்சி உறுத்தாமல் அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். டாக்டர் வேலையிலாவது தொடாமல் ஒப்பேற்ற ஒரு மூன்றாம் ஆளைத் தேடிக்கொள்ளலாம். நர்ஸ் வேலை முழுக்கத் தொடுகிற வேலை. நாடி பிடிக்க, ஊசி போட, உடம்பு துடைக்க, புண் கட்ட, பிள்ளை வாங்க, எல்லாமே கைதான். கையில் சாதி இருந்தால் அந்த வேலையில் பாக்கி என்ன இருக்கும்?

அதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுத்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் 33 சதவிகிதக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுக்கிறார்கள் என்று இருக்கிறது. மூன்றுக்கு ஒரு ஊர். 2010இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டு சங்கமித்ரா ஆச்சார்யா ஓர் ஆய்வு செய்தார். மருந்து கொடுக்கும்போது கை படாமல் கொடுப்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிற புகார். மாத்திரையை மேலேயிருந்து கையில் போடுவது. நமக்குப் புதுசா இது? டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவன் கையும் இந்தக் கையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

இந்தப் பக்கத்து ஊர்களில் வயசான பொம்பளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "நர்ஸம்மா வந்தா தெரு முக்குல நின்னுக்கிட்டு ஆள் விட்டுச் சொல்லும். பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு நாமதான் அங்க ஓடணும். வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சதில்ல. ஒரு சொம்பு தண்ணி குடிக்கச் சொன்னா, இப்பத்தான் காப்பி குடிச்சேன்னு சொல்லும்." இதைச் சொன்ன பாட்டிக்கு அந்த நர்ஸ் மேல் கோபமே இல்லை. "பாவம், நல்ல பிள்ளதான், வெயில்ல அம்புட்டுத் தூரம் நடந்து வந்து தடுப்பூசி போட்டுட்டுத்தான் போகும்" என்கிறார். உண்மையும் அதுதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அத்தனை வீட்டுக்கும் ஒரே கிராம சுகாதார செவிலியர். பதிவேடு, தடுப்பூசி, கர்ப்பிணிகள் கணக்கு, கூட்டம், ரிப்போர்ட். அவள் உழைக்கிறாள். உழைத்துக்கொண்டே அந்த ஒரு சொம்புத் தண்ணீரை மறுக்கிறாள். கெட்டவளாக இருந்தால் சுலபமாகச் சண்டை போட்டிருக்கலாம்.

துணை சுகாதார நிலையம் எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஊருக்குள் இருந்தால் நம் கர்ப்பிணிப் பெண் ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும். சேரியில் கட்டினால் ஊர்க்காரப் பெண்கள் வரமாட்டார்கள். இடம் பார்க்கிறபோதே அறம் தொடங்கிவிடுகிறது. அந்த முடிவில் நர்ஸுக்குச் சம்பந்தமே கிடையாது. பழியும் சம்பளமும் மட்டும் அவளுக்கு.

இப்போது யாரும் சாதியைக் கேட்பதில்லை என்கிறார்கள். கேட்க என்ன அவசியம்? "எந்த ஊரு? எந்தத் தெரு?" போதும். அட்டையில் முகவரி இருக்கிறது. அம்பேத்கர் நகர், இந்திரா காலனி, கீழத்தெரு. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். தெருப் பெயர் மாறினாலும் ஊர்க்காரனுக்குத் திசை தெரியும். பிரசவ உதவித்தொகைக்காகவும் சாதி எழுத வேண்டியிருக்கிறது. தாழ்த்தப்பட்ட பெண்ணுக்குப் பணம் சேர வேண்டும் என்று வைத்த கட்டம் அது. அதே கட்டத்தைப் பார்த்துத்தான் குரல் மாறுகிறது. அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில் கோபுர முத்திரை இருக்கும். அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வாய்மையே வெல்லும் என்று கீழே எழுதியிருக்கும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் ஆத்தாமார்கள் "ஏய், ஒன்னத்தான், அங்க போய் உட்காரு" என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தமிழில் நீ, நீங்க என்று இரண்டு இருக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் இருக்கிற தூரத்தை எந்த அறப் புத்தகமும் அளந்ததில்லை. அறுபது வயசுக் கிழவியை "ஏ கெழவி, காலத் தூக்கு" என்கிற அதே வாய், அடுத்த கட்டிலில் முப்பது வயசுக்காரியிடம் "அக்கா, கொஞ்சம் திரும்பிப் படுங்க" என்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரே ஊசி. ரெக்கார்டில் இரண்டும் ஒன்றுதான். மருந்தில் பாகுபாடு இல்லை, ஆகவே பாகுபாடே இல்லை என்று சூப்பிரண்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.

பிரசவ அறையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இருந்தாலும் இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து "படுக்கும்போது தெரியலையா, இப்பக் கத்துற" என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் கேட்காத ஏழைப் பெண் குறைவு. தொடையில் அடிப்பது, கட்டிலைவிட்டு எறக்கிவிடுவேன் என்று மிரட்டுவது. இது எல்லா ஏழைப் பெண்களுக்கும் நடக்கிறதே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், எல்லா ஏழைகளுக்கும் நடக்கிறது. ஆனால் "ஒங்க ஆளுகளுக்கு இதே வேலதான், வருசத்துக்கு ஒண்ணு" என்ற வாக்கியத்தில் 'ஒங்க ஆளுக' யார்? சேரிப் பெண்ணின் உடம்பு வலி தாங்கும், மரத்துப்போனது, காட்டில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டே பிள்ளை பெத்துப் போட்டுவிடும் என்ற ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாராட்டு மாதிரி சொல்வார்கள். அந்த நம்பிக்கை ராத்திரி டூட்டியில் என்ன செய்யும்? வலி என்று சொன்னவளைக் கடைசியாகப் பார்க்கும்.

ஒழுக்கம் என்ற பெயரில் வருகிற நம்பிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். கருக்கலைப்பு 1971 முதல் சட்டப்படியானது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போதும் ஒரு மில்லு வேலைக்குப் போகிற பெண் தனியாக வந்து நின்றால் என்ன கேட்கிறார்கள்? புருஷன் எங்கே, அம்மாவைக் கூட்டிட்டு வா. கருக்கலைப்பு பாவம் என்று நம்ப ஒரு நர்ஸுக்கு உரிமை இருக்கலாம். அந்தப் பாவத்தின் செலவை இன்னொருத்தி உடம்பில் எழுதுகிற உரிமை எங்கிருந்து வந்தது? நம்பிக்கைப்படி வேறொரு நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வது ஒன்று. திட்டி அனுப்பி, நாட்டு வைத்தியக்காரியிடம் போக வைப்பது வேறொன்று. இதே பாவ புண்ணியக்காரர்கள் குடும்பக் கட்டுப்பாடு இலக்கு இருந்த காலத்தில் எங்கே போனார்கள்? 1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிடும்வரை, ஆள் பிடித்து எண்ணிக்கை காட்ட வேண்டிய பொறுப்பு கிராமச் செவிலியர்கள் தலையில் இருந்தது. எண்ணிக்கைக்காக எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைந்தார்கள்? தண்ணீர் குடிக்க நுழையாத தெருவுக்குள்தான். பிரசவம் ஆன கையோடு சம்மதம் கேட்காமல் காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகாரும் தமிழ்நாட்டில் புதிதல்ல. தன்னுரிமை என்ற சொல் மனப்பாடத்தில் இருந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்பதும் கூடவே இருந்தது. இரண்டாவதுதான் ஜெயித்தது.

நர்ஸ் தொழிலின் வரலாற்றையும் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வர ஆதிக்கசாதிப் பெண்கள் வெகுகாலம் தயாராக இல்லை. அந்நியர் உடம்பைத் தொடுவது, மலஜலம் எடுப்பது, ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்குவது, இதெல்லாம் தீட்டு, இழிவு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் பிரசவம் ஆக முடியாமல் மூன்று பெண்கள் செத்துப்போனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று அந்தப் பெண்களின் வீட்டார் மறுத்துவிட்டார்கள். தீட்டு பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களையும் சாகவிட்டிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். வேலூரில் அவர் 1909இல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். அப்போது வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே போக்கிடம் இல்லாதவர்கள். 1946இல் போர் குழு அறிக்கை கொடுத்தபோது இந்தியா முழுமைக்கும் இருந்த நர்ஸ்கள் சுமார் 7,000 பேர்தான். இதைவிட வெளிப்படையாக ஒரு சமூகத்தின் விழுமியத்தை எண்ணில் எழுத முடியாது.

பிற்பாடு அரசு வேலை, சம்பளம், வெளிநாடு என்று ஆனதும் எல்லோரும் வந்தார்கள். வரட்டும். ஆனால் தொழிலின் அந்தஸ்து எப்படி உயர்ந்தது? தீட்டான வேலையைக் கீழே தள்ளிவிட்டு உயர்ந்தது. மலம் எடுப்பது ஆயாவுக்கு. ரத்தத்தைக் கழுவுவது துப்புரவுத் தொழிலாளிக்கு. பிரசவத்தில் வெளியே வந்த நஞ்சை வாளியில் தூக்கிப்போவது இன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அது நம் அருந்ததியர் பெண்ணாகவே இருக்கிறாள். அவளும் இப்போது ஒப்பந்தக்காரனின் கூலியாள். ஆஸ்பத்திரிக்குள் ஒரு வர்ணாசிரமம் நடக்கிறது. உச்சியில் டாக்டர், அடியில் வாளி. நர்ஸ் நடுவில் நிற்கிறாள், மேலே பார்த்துக் கை கட்டி, கீழே பார்த்துக் கை நீட்டி. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அறம் நோயாளியைப் பற்றி மட்டும்தான் பேசும். வாளி தூக்குகிறவளுக்குக் கையுறை இருக்கிறதா என்று கேட்பது அந்தப் பாடத்தில் வராது. ராஜபாளையத்துப் பக்கம் சத்திரப்பட்டியில் தறி ஓட்டி பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். இங்கே நெய்த துணி எங்கெங்கோ போய் எல்லாச் சாதிப் புண்ணிலும் ஒரே மாதிரி ஒட்டுகிறது. துணிக்கு யாரும் அறம் நடத்தவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

தொழிற்சங்கத் தோழர் ஒருவர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நர்ஸ்கள் உழைக்கும் பெண்கள், அவர்களையே சுரண்டுகிறார்கள், நீங்கள் அவர்கள்மேல் பாய்கிறீர்களே என்பார். சரிதான். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பரீட்சை எழுதித் தேர்வானவர்களுக்கு அந்தச் சம்பளம். 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு மருத்துவத்துறை வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு வார்டில் நாற்பது நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் வாயில் அன்பு வராது, எரிச்சல்தான் வரும் என்பதும் உண்மை. ஆனால் தோழரே, அந்த எரிச்சல் எந்தக் கட்டிலில் போய் இறங்குகிறது? ஆள் பற்றாக்குறைக்கு சாதி கிடையாது. ஆள் பற்றாக்குறையில் யாரைக் காத்திருக்க வைப்பது என்பதற்குச் சாதி இருக்கிறது. சுரண்டப்படுகிறவர் சுரண்டப்படுவதாலேயே சாதி பார்க்காதவராக ஆகிவிடுவார் என்று நம்பி நாம் எவ்வளவு காலம் ஏமாந்திருக்கிறோம்!

நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் நர்சிங் படித்து வந்துவிட்டால் சரியாகிவிடும் என்பது நம் பக்கத்தில் சொல்கிற பேச்சு. இடஒதுக்கீட்டால் வந்திருக்கிறார்கள், இன்னும் வரவேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. வந்தவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்டதுண்டா? "சிஸ்டர் நீங்க எந்த ஊரு" என்று நோயாளி ஆரம்பிப்பார். பதில் சொன்ன மறுநாள் "வேற நர்ஸ் இல்லையா" என்பார். ஹாஸ்டலில் சாப்பாட்டுத் தட்டு தள்ளி வைக்கப்படும். சில பிள்ளைகள் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். டாக்டருக்குப் படிக்க வந்த பாயல் தட்விக்கே, ஆதிவாசிப் பெண், மும்பையில் 2019 மே மாதம் சாகிற அளவுக்குப் போனது. சீனியர் டாக்டர்கள் மூன்று பேர் மேல் வழக்கு. நர்ஸ் மாணவிக்கு என்ன நடக்கிறது என்று செய்தி கூட வராது.

அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. மறைத்துப் பிழைக்கப் பழகிய நம் பிள்ளை, தன்னை நிரூபிக்க, நம் கிழவியிடமே கூடுதலாக எரிந்து விழுந்தால்? அமெரிக்காவில் யூனிஸ் ரிவர்ஸ் என்று ஒரு கறுப்பின நர்ஸ் இருந்தார். அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932இல் அரசாங்கமே ஓர் ஆய்வைத் தொடங்கியது. கறுப்பின ஏழை விவசாயிகள் 600 பேர். அவர்களில் 399 பேருக்கு மேகநோய். வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லி, பார்க்காமல், அந்த நோய் அவர்களை எப்படித் தின்கிறது என்று 40 வருஷம் வேடிக்கை பார்த்தார்கள். 1940களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972இல் பத்திரிகையில் வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள். அந்த மனிதர்களைப் பேசிக் கூட்டி வந்தவர், தன் காரில் ஏற்றி இறக்கியவர், அவர்கள் செத்தால் வீட்டுக்குப் போய் அழுதவர், எல்லாம் ரிவர்ஸ்தான். அவர்களை அவர் நேசித்தார் என்பதில் சந்தேகமில்லை. டாக்டர் சொன்னதை மீறக்கூடாது என்பது அவர் படித்த அறம். நம் ஜனங்களுக்கு இதுகூட இல்லாவிட்டால் வேறு என்ன கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. பின்னாளிலும் அதை நியாயப்படுத்தியே பேசினார். வெள்ளைக்கார டாக்டரின் வார்த்தையை அந்த ஜனங்கள் நம்பியிருக்க மாட்டார்கள். தங்களில் ஒருத்தி சொன்னதால் நம்பினார்கள். நம் ஆள் உள்ளே இருப்பது நமக்குக் கதவாகவும் இருக்கலாம், நம்மைப் பிடித்துக் கொடுக்கிற கொக்கியாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை என்றாலே கேடு என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். விழுமியம் இல்லாத கை ஒன்று உலகத்தில் கிடையாது. 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது சாவித்திரிபாய் புலே, மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை இடத்துக்கு நோயாளிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மகர் சேரியில் கிடந்த ஒரு சிறுவனை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தார். நோய் தொற்றி அந்த மார்ச் 10ஆம் தேதி செத்தார். முதுகில் தூக்குவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. சாதியில்லை என்ற அவருடைய 'சொந்த' நம்பிக்கைதான் அந்தப் பையனைத் தூக்க வைத்தது. வாசலில் அதைக் கழற்றி வைத்திருந்தால் அவன் சேரியிலேயே கிடந்திருப்பான். நைட்டிங்கேல் பிறந்த மே 12ஐச் செவிலியர் தினம் என்று கொண்டாடுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மார்ச் 10ஐப் பற்றி எந்த நர்சிங் கல்லூரியில் பேசுகிறார்கள்?

எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது ஒன்று. 2018 டிசம்பர் 3ஆம் தேதி சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகை என்று ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த பையனுக்கு வயசு 19. 2016இல் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தபோதே அவனுக்குத் தொற்று இருப்பது தெரிந்திருக்கிறது, அவனிடம் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் அவனுக்கே தெரிய வந்தது. தெரிந்ததும் அவன் என்ன செய்தான்? என் ரத்தத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று தகவல் சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். எலி மருந்தைக் குடித்தான், மதுரை அரசு மருத்துவமனையில் அந்த டிசம்பர் 30 அன்று செத்துப்போனான். ஆய்வகப் பணியாளர்கள் மூன்று பேர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். பதிவேடும் பயிற்சியும் சம்பளமும் வைத்திருந்த இடத்தில் ஒருவருக்கும் தோன்றாத கடமை, அறப் பாடம் ஒன்றும் படிக்காத பையனுக்குத் தோன்றியிருக்கிறது. முகாமில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற பையன்களை ஆளாக மதித்து, தேடிப் போய், "தம்பி, உங்களுக்கு இப்படி இருக்கு, வைத்தியம் இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்ல ஒருவர் மெனக்கெட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். யாரைத் தேடிப் போவது, யாரை விட்டுவிடலாம் என்பதைப் பதிவேடு முடிவு செய்வதில்லை.

கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று அங்கே சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மருந்தைக் கொடுத்து, "சுத்தமா இருக்கப் பழகுங்க" என்று புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தால்? அப்படிச் சொல்லி அனுப்புவதுதானே வழக்கம். சேரிக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அழுக்கு என்று ஒரு முடிவு மனசில் தயாராக இருக்கும். அந்த முடிவைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி நினைத்தது சின்ன விஷயமில்லை.

சட்டம் இருக்கிறது என்பதைப் படிக்கிற தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமை காரணமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதை மட்டும் குற்றமென்று சொல்லவில்லை. சேர்த்துக்கொண்ட பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் ஆஸ்பத்திரி, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கைபடாமல் மாத்திரை போட்டதற்கு எந்தக் காவல் நிலையத்தில் வழக்கு எடுப்பார்கள் என்று சிரிக்கலாம். நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் பெட்டிசன் எழுதுவதற்கு அந்தப் பிரிவின் எண் தெரிந்திருந்தால் போதும், சூப்பிரண்டு 'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நர்சிங் படிக்கிற நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அறம் என்ற பாடம் வருகிற அன்றைக்கு, கத்தியவார் தெர்மாமீட்டரைப் பற்றி எழுந்து கேளுங்கள். மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும். வார்டுக்குப் போனதும் வாளி தூக்குகிற அக்காவின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், கையுறை இல்லையென்றால் உங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுங்கள், இண்டெண்டில் அவளுக்கும் சேர்த்து எழுதுங்கள். ஊரிலிருந்து பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு, படித்த பிள்ளை ஒருத்தி துணைக்குப் போகட்டும். பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண்ணை அனுமதிக்கிற ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, கேட்டால்தான் விடுவார்கள். அவள் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். எத்தனை மணிக்கு வலி என்று சொன்னோம், எத்தனை மணிக்கு வந்து பார்த்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், யார் 'நீங்க' என்றார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். நல்லபடியாகப் பார்த்தவரின் பெயரையும் விடாமல் எழுதட்டும். ஒரு வருஷத்துக்கு ஒரு ஊரின் நோட்டு என்று சேர்ந்தால், மாவட்டத் துணை இயக்குநர் முன்னால் எடுத்துப் போட நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.